இலையைப் பார்த்து நோயைச் சொல்லும் செல்போன்... எவ்வளவு நம்பலாம்?

உரம், மருந்து விற்கும் கடைகளுக்கு முன்பெல்லாம் விவசாயிகள் நோய் வந்த இலையைப் பறித்து, பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். பிறகு இலைக்குப் பதில் செல்போனில் எடுத்த படம் போக ஆரம்பித்தது. இப்போது படத்தோடு நோயின் பெயரும் சேர்ந்தே போகிறது. 'ஆப்' என்று சொல்லப்படும் செயலியைத் திறந்து இலையைக் காட்டினால், இன்ன நோய், இத்தனை சதவிகிதம் உறுதி என்று சொல்லிவிடுகிறது. அதை நம்பி ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து மருந்து அடிக்கலாமா என்பதுதான் கேள்வி.

இதற்குப் பதில் சொல்ல, செல்போன் இலையை எப்படிப் 'பார்க்கிறது' என்று தெரிந்துகொள்ள வேண்டும். பத்து, பதினைந்து ஆண்டுகளாகக் கணினித் துறையில் நடந்த பெரிய மாற்றத்தின் கதை அது.

களை எது, பயிர் எது?

நெல் வயலில் களை எடுக்கப் போகும்போது அம்மா பிள்ளையையும் கூட்டிப் போகிறார். குதிரைவாலிப் புல்லும் நெல்லும் சின்ன வயதில் ஒன்றுபோலத்தான் இருக்கும். "இது நெல்லு, இது களை" என்று அம்மா ஒவ்வொன்றாகக் காட்டுவார். பிள்ளை நெல்லைப் பிடுங்கினால் திட்டு விழும். நாலு நாள் போனால் பிள்ளைக்கே பிடிபட்டுவிடும். எதை வைத்துக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது.

கணினிக்கும் இப்போது இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். முன்பு 'மஞ்சள் புள்ளி இருந்தால் இந்த நோய், ஓரம் கருகினால் அந்த நோய்' என்று ஒவ்வொரு விதியாக மனிதர்களே எழுதிப் பார்த்தார்கள். அது பெரிதாகக் கைகொடுக்கவில்லை. இப்போது விதி எதுவும் எழுதுவதில்லை. படத்தைக் காட்டுகிறார்கள். கணினி ஒரு பெயரைச் சொல்கிறது. தப்பாக இருந்தால் அதற்குள் இருக்கும் லட்சக்கணக்கான எண்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கிறார்கள். மறுபடியும் படம், மறுபடியும் திருத்தம். இந்த வேலை கோடிக்கணக்கான முறை நடக்கிறது.

இந்த முறை பழையதுதான். ஆனால், அதற்கு வேண்டிய படங்களும் கணக்குப் போடும் வேகமும் வெகுகாலம் கிடைக்கவில்லை. 2012-ல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹின்டனும் அவருடைய மாணவர்கள் இருவரும் 12 லட்சம் படங்களைக் காட்டி ஒரு கணினியைப் பழக்கினார்கள். பிள்ளைகள் வீடியோ கேம் விளையாடுவதற்காகச் செய்யப்பட்ட 'கிராபிக்ஸ் கார்டு' இரண்டைப் பூட்டி, ஐந்தாறு நாளில் அந்த வேலை முடிந்தது. அந்த ஆண்டு நடந்த படம் அடையாளம் காணும் போட்டியில், அடுத்த இடத்தில் வந்த கணினி 100-க்கு 26 படங்களில் தவறியபோது, இவர்களுடையது 15-ஐ ஒட்டித்தான் தவறியது. 2024-ல் ஹின்டனுக்கு இயற்பியல் நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது.

99 மதிப்பெண் வாங்கியதன் பின்னணி

அடுத்து இந்தத் தொழில்நுட்பம் வயலுக்கு வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூஸ் என்ற ஆராய்ச்சியாளர் 'பிளான்ட்வில்லேஜ்' என்ற திட்டத்தை நடத்திவருகிறார். அதற்காகச் சேர்த்த 54,306 இலைப் படங்களைக் கொண்டு, 2016-ல் ஷரதா மொஹந்தி, ஹியூஸ், மார்செல் சலாத்தே ஆகிய மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 14 பயிர்கள், 26 நோய்கள். கணினி பார்த்திராத படங்களைத் தனியே ஒதுக்கி வைத்துத் தேர்வு நடத்தியதில், 99.35 சதவிகிதம் சரியாகச் சொன்னது.

உலகம் முழுக்க இந்த எண்தான் பரவியது. அதே ஆய்வில் இருந்த இன்னோர் எண்ணை நிறையப் பேர் கவனிக்கவில்லை. வேறு இடங்களில், வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது, அதே கணினி 31 சதவிகிதத்துக்குச் சற்று மேல்தான் வாங்கியது. 10 இலை காட்டினால் 3 இலைக்குத்தான் சரியான பதில். இதை அந்த ஆராய்ச்சியாளர்களே மறைக்காமல் எழுதியிருந்தார்கள்.

ஏன் இப்படி ஆனது? பாடம் சொல்லப் பயன்பட்ட படங்கள் எல்லாமே இலையைப் பறித்து, தனித்தனியாக, வெறும் பின்னணியில் வைத்து எடுத்தவை. வயலில் இலை அப்படியா இருக்கிறது? பின்னால் மண், பக்கத்தில் பத்து இலை, மேலே நிழல், இலை மேல் தூசி.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. களை எடுக்கப் போன பிள்ளைக்கு, வரப்போரம் இருப்பதை மட்டுமே அம்மா களை என்று காட்டிக்கொண்டிருந்தால், பிள்ளை களையைக் கற்றுக்கொள்ளாது. 'வரப்போரம் இருந்தால் களை' என்று கற்றுக்கொள்ளும். வரப்போரம் நிற்கும் நெல்லையும் பிடுங்கிப் போடும். 2022-ல் இதே படத்தொகுப்பை எடுத்து ஒருவர் சோதித்தார். இலையை விட்டுவிட்டு, பின்னணியில் இருந்து 8 புள்ளிகளின் நிறத்தை மட்டும் கணினிக்குக் கொடுத்தார். பயிரும் நோயும் சேர்ந்த 38 பிரிவுகளில், கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 2.6 சதவிகிதம்தான் சரியாக வரும். கணினியோ 49 சதவிகிதம் சரியாகச் சொன்னது. அதாவது, இலையைக் கண்ணால் காணாமலே பாதிக் கேள்விக்கு விடை. ஒரே நோயின் படங்களை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்திருந்தால், பின்னணியே விடையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆக, '99 சதவிகிதம் துல்லியம்' என்று எந்தச் செயலி சொன்னாலும், எங்கே எடுத்த படத்தில் என்று கேட்க வேண்டும்.

தான்சானியாவின் மரவள்ளிக் காட்டில்

பிளான்ட்வில்லேஜ் குழு இதோடு நின்றுவிடவில்லை. பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தோடு சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே மரவள்ளிதான் ஏழைகளின் சாப்பாடு. தேமல் நோய், பழுப்புக் கீற்று நோய் என்று இரண்டு வைரஸ் நோய்கள் அதைப் பாடாய்ப் படுத்துகின்றன. பழுப்புக் கீற்று பொல்லாத நோய். மேலே இலை ஓரளவு நன்றாகவே தெரியும். தோண்டிப் பார்த்தால் கிழங்கு உள்ளே பழுத்து, தின்ன முடியாததாகிக் கிடக்கும்.

இந்த முறை படங்களைத் தான்சானிய வயலிலேயே, செடியில் இருக்கும் இலையிலேயே எடுத்தார்கள். அப்படி உருவானதுதான் 'நூரு' என்ற செயலி. சுவாஹிலி மொழியில் நூரு என்றால் ஒளி. இன்டர்நெட் சிக்னல் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். கணக்கு முழுவதையும் சாதாரண செல்போனே போடும்படி சுருக்கிய மென்பொருள் அது. பெரிய கணினி செய்த வேலையைச் சட்டைப் பைக்குள் அடக்கியது சின்னச் சாதனை இல்லை.

அப்படியும் வயல் விடவில்லை. நோயுள்ள 720 சிற்றிலைகளை வைத்து வயலிலேயே சோதித்தபோது மதிப்பெண் கணிசமாகக் குறைந்தது. முக்கியக் காரணம், நோய் இருந்தும் அதைக் காணாமல் விட்டது. நம் விவசாயிகள் மனதில் வைக்க வேண்டிய விஷயம் இது. 'நோய் இருக்கிறது' என்று செல்போன் சொன்னால் பக்கத்தில் போய் இன்னொரு முறை பார்க்கலாம். 'நோய் இல்லை' என்று சொன்னால் மட்டும் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது.

2020-ல் வெளியான அடுத்த ஆய்வில், நோயின் பெயரைச் சரியாகச் சொல்வதில் நூரு 65 சதவிகிதம் வாங்கியது. அதே தேர்வில் வேளாண் விரிவாக்க அலுவலர்கள் 40 முதல் 58 சதவிகிதம், விவசாயிகள் 18 முதல் 31 சதவிகிதம். விவசாயிகளின் எண்ணைப் பார்த்துச் சங்கடப்பட வேண்டியதில்லை. செடிக்கு உடம்பு சரியில்லை என்று தெரிவது வேறு, நோய்க்குப் புத்தகத்தில் உள்ள பெயரைச் சொல்வது வேறு.

அந்த ஆய்வில் உருப்படியான ஒரு விஷயம் கிடைத்தது. ஒரே இலையைக் காட்டாமல், ஒரு செடியில் ஆறு இலைகளைக் காட்டினால் நூருவின் மதிப்பெண் 74 முதல் 88 சதவிகிதம் வரை ஏறியது. புதிய கணினி வேண்டாம், விலை உயர்ந்த செல்போன் வேண்டாம். இன்னும் ஐந்து இலை போதும்.

நம் குச்சிக்கிழங்குக்கு என்ன?

சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பகுதிகளில் மரவள்ளி போடுகிறவர்களுக்குத் தேமல் நோயைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எச்-226 போன்ற பழகிய ரகங்களில் அது எளிதாகப் பிடிக்கிறது. எடை குறையும். மாவுச்சத்து குறைந்தால் சேகோ ஆலையில் பாயிண்ட் குறையும், பாயிண்ட் குறைந்தால் பணம் குறையும்.

ஆனால், ஆப்பிரிக்காவில் பழகிய செயலியை அப்படியே இங்கே கொண்டுவந்து காட்டுவதில் கவனம் வேண்டும். அங்கே பரவியிருக்கும் தேமல் வைரஸ்கள் வேறு, இங்கே இருக்கும் இந்திய, இலங்கை வகை வைரஸ்கள் வேறு. ரகமும் மண்ணும் வேறு. இந்தச் செயலிகளுக்குப் பொதுவாக இன்னொரு குணம் உண்டு. தன் பட்டியலில் இல்லாத நோயைக் காட்டினாலும், பட்டியலில் உள்ள ஒன்றைத்தான் சொல்லும். 'இத்தனை சதவிகிதம் உறுதி' என்று வருவதும் அந்தப் பட்டியலுக்குள் போட்ட கணக்குதான்.

நம் பகுதியில் அடிக்கடி குழப்பம் தருவது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. சத்துக் குறைந்தால் கொழுந்து இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இரண்டு பக்கமும் ஒரே சீராக வெளுக்கும். இலையின் வடிவம் கெடாது. தேமலில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். இலை ஒரு பக்கம் கோணி, சுருங்கி, சிறுத்துப் போகும். இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, செல்போன் சொல்வதோடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பது நல்லது. ஒன்றுக்கு மருந்து நுண்ணூட்டத் தெளிப்பு. மற்றதற்கு மருந்தே கிடையாது.

ஆமாம், தேமல் வந்த செடியைக் குணப்படுத்தும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. கடையில் கொடுப்பது வைரஸைச் சுமந்துவரும் வெள்ளை ஈக்கான மருந்து. நோய் முக்கியமாகப் பரவுவது நாம் நடும் குச்சியில். அதனால், செல்போனால் அதிகப் பயன் மருந்து அடிக்கும் நேரத்தில் இல்லை, குச்சி தேர்ந்தெடுக்கும் நேரத்தில்தான். அறுவடைக்குச் சில மாதம் முன்பே காட்டைச் சுற்றி வந்து, நல்ல செடி என்று தோன்றுவதில் ஆறு இலைகளைக் காட்டிப் பார்த்து, கண்ணும் செயலியும் இரண்டும் சரி என்று சொன்ன செடிகளில் மட்டும் துணி கட்டி வைக்கலாம். வெயில் கடுமையான மாதங்களில் தேமல் அறிகுறி மங்கி மறைந்துகொள்ளும். அப்போது கேமராவும் ஏமாறும், கண்ணும் ஏமாறும். அந்தச் சமயத்தில் குச்சிக்குச் செடி குறிக்க வேண்டாம். நட்ட முதல் மாதத்தில் அறிகுறி தெரியும் செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதும், பழைய காட்டில் தானாக முளைத்து நிற்பதை அழிப்பதும் வழக்கம்போலச் செய்ய வேண்டியவை.

படம் எடுக்கும்போது லென்ஸைத் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். வேர்வைக் கை பட்ட லென்ஸில் எல்லா இலையும் நோய் இலைதான். உச்சி வெயிலைத் தவிர்த்து, இலை மேல் நம் நிழல் விழாமல், ஓர் இலை திரையை நிறைக்கும்படி எடுக்க வேண்டும். மேல் இலை, நடு இலை இரண்டும் வரட்டும். இலையின் அடிப்பக்கத்தையும் ஒன்று எடுத்து வைத்தால், வெள்ளை ஈ இருப்பது பின்னால் பார்ப்பவருக்குத் தெரியும்.

மத்திய அரசும் 2024 ஆகஸ்டில் இதேபோல் படத்தை வைத்துப் பூச்சி, நோயை அறியும் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியிருக்கிறது. நம் வயல்களின் படங்கள் சேரச் சேரத்தான் இவையெல்லாம் நம் பயிரைக் கற்றுக்கொள்ளும்.

செயலி ஒன்று சொல்லி, கண் வேறு சொன்னால், கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். மரவள்ளிக்கு சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நேரில் போகிறவர்கள் இலையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைக்காமல், செய்தித்தாளுக்கு நடுவே வைத்து எடுத்துச் செல்லுங்கள். அழுகிய இலையைப் பார்த்து அங்கே இருப்பவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது.