எண்ணி அமைத்த கைக்கடிகாரங்கள்

ஒலுவில், அக்கரைப்பற்று, கல்முனை முதலாய கீழைக்கரை ஊர்களில் நேரமறிதல் வெறும் பொழுதுபோக்கன்று. ஐவேளைத் தொழுகைக்கும், நோன்பு திறத்தற்கும் நிமிடக் கணக்கு இன்றியமையாதது. அக்கணக்கைச் சொற்ப விலைக்குக் கிடைக்கும் மின்கலக் கைக்கடிகாரமே செவ்வையாகக் காட்டிவிடுகின்றது. அவ்வாறிருக்க, அதனினும் துல்லியங் குறைந்த பொறிக்கடிகாரம் ஒன்றுக்குப் பல இலட்சம் ரூபா கொடுப்போரும் உலகில் உளர். அதிலும், செய்யப்பட்டவை பத்தே என்றால் அவர்களது ஆர்வம் பின்னும் மிகுகின்றது. செல்வர்தம் செருக்கு என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் அது முழு விடையாகாது.

பொறிக்கடிகாரம் சுருள்வில்லின் விசையொன்றினாலேயே ஓடுவது. முறுக்கப்பட்ட வில் தளருங்கால் பிறக்கும் விசையைப் பற்சக்கரங்கள் கடத்துகின்றன. அவ்விசை ஒரே பாய்ச்சலிற் கழிந்துவிடாவண்ணம் தடுத்தும் விடுத்தும் சிறுகச் சிறுக வெளிவிடும் உறுப்பொன்று உண்டு. அதற்குத் தாளமிடுவது இருபுறமும் அசையும் சமனிச் சக்கரம். இக்காலத்துப் பொறிகளிற் பல மணிக்கு 28,800 முறை துடிப்பன. அஃதாவது நொடிக்கு எட்டு. அச்சுகள் தேயாதிருத்தற்பொருட்டு அவற்றின் முனைகளிற் செயற்கை மாணிக்கக் கற்கள் பதிக்கப்படுகின்றன. மாணிக்கமும், நமது இரத்தினபுரி நீலக்கல்லும் குருந்தம் என்னும் ஒரே கனியத்தின் வகைகளே. ஆங்கிலேயர் அக்கனியத்துக்கு வழங்கும் பெயரும் இத்தமிழ்ச் சொல்லினின்றே பிறந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இத்துணை நுட்பம் அமைந்தும், சுவிற்சர்லாந்தின் துல்லியச் சான்று பெற்ற பொறியே நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு நொடி பிந்தவோ ஆறு நொடி முந்தவோ இடமுண்டு. மின்கலக் கடிகாரத்தினுள் இருக்கும் பளிங்குத் துண்டோ பொதுவாக நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. இவ்வகையில் முதலாவதாக விற்பனைக்கு வந்த கைக்கடிகாரம் யப்பானின் செய்கோ நிறுவனம் 1969 திசெம்பர் 25 இல் வெளியிட்ட அசுத்திரன். அது மாதத்துக்கு ஐந்து நொடிக்கு மேற் பிழையாது என்றனர். அதன் பொன்னுறையோடு கூடிய விலை 450,000 யென். அக்காலத்தில் ஒரு சிறிய மோட்டார் வண்டியின் விலை. இன்று தெருவோரத்தில் விற்கும் மின்கலக் கடிகாரத்தின் மூதாதையே செல்வர்க்கென அமைந்த அரும்பொருளாய்த் தோன்றிற்று! பின்னர் விலை சரிந்தது. 1970 அளவில் ஏறத்தாழ 90,000 பேருக்குத் தொழிலளித்த சுவிற்சர்லாந்துக் கடிகாரத் தொழிலில் 1980 களின் நடுப்பகுதியில் எஞ்சியோர் பாதிக்கும் குறைவினர். நேரங்காட்டும் கருவி என்ற நிலையிற் பொறிக்கடிகாரம் தோற்றது. அது பிழைத்தமைக்குக் காரணம், கைவினைப் பொருளாக அதனைப் போற்றியோர் இருந்தமையே.

அத்தகையோர் பெரிதும் விரும்புவது தூர்பியோன் எனப்படும் சுழற்கூடு. கடிகாரம் ஒரே நிலையில் நெடுநேரம் நிமிர்ந்திருப்பின், புவியீர்ப்பினால் சமனிச் சக்கரத்தின் தாளம் ஒருபுறமாகப் பிறழும். இதனைக் கண்ட பிறெகே என்னும் வினைஞர், தடுப்புறுப்பையும் சமனிச் சக்கரத்தையும் ஒரு கூட்டினுள் அடக்கி, அக்கூடு முழுவதையும் சுழலச் செய்தார். பிழை எல்லாப் பக்கமும் பரவித் தன்னைத்தானே ஈடுசெய்யும். 1801 இற் பாரிசில் அதற்கு உரிமம் பெற்றார். 1920 இல் யேர்மனியின் கிளாசுகூற்றே நகரில் அல்பிரெட் எல்விக் என்பார் கூட்டின் மேற்பாலத்தை நீக்கி, கீழிருந்து மட்டும் அதனைத் தாங்குவித்தார். மேலே பற்றுக்கோடின்றிச் சுழல்வதால் அதனைப் ‘பறக்கும்’ சுழற்கூடு என்பர். உண்மையை உரைப்பின், சட்டைப்பையில் நிமிர்ந்து கிடந்த கடிகாரத்துக்கு உதவியது போல, ஓயாது நிலைமாறும் கைக்கடிகாரத்துக்கு இஃது உதவுவதில்லை. அதனை அமைக்கும் அருமையே அதன் மதிப்பு.

புதுமை என்று பேசப்படுவதிலும் பழமை மறைந்து கிடப்பதுண்டு. 1997 இற் சுவிற்சர்லாந்தில் எழுந்த உர்வெர்க் நிறுவனம், முட்களை நீக்கி, மணியெண்களே நிமிடவரிசை மீது ஊர்ந்துசெல்லும் கைக்கடிகாரங்களைச் சிறு தொகையாகச் செய்து புகழ்பெற்றது. அம்முறையை, உறக்கமின்றி வருந்திய பாப்பரசர் ஏழாம் அலெக்சாந்தரின் இரவு மணிக்கூட்டுக்கென 1650 களிலேயே உரோமையிற் கம்பானி சகோதரர் வகுத்திருந்தனர்.

இக்கலை ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. நம் அயலிலும் அதற்கோர் வரலாறுண்டு. இந்திய அரசின் எச்.எம்.ரி. நிறுவனம், யப்பானின் சிற்றிசன் நிறுவனத்தின் துணைகொண்டு, 1961 இற் பெங்களூரிற் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிற்று. அதன் ‘ஜனதா’ பெயருக்கேற்ப மக்கட் கடிகாரமாகவே விளங்கியது. 2016 இல் அக்கடிகாரத் தொழிலை மூட அரசு முடிவுசெய்தது. எல்லார்க்கும் எனச் செய்யப்பட்ட அக்கடிகாரங்களை இன்று சேகரிப்பாளர் தேடித் திரிகின்றனர்.

எச்.எம்.ரி.க்குப் போட்டியாய் எழுந்தது டைட்டன். தாதா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி 1984 இல் இதனை நிறுவின; ஆலை தமிழ்நாட்டின் ஓசூரில் அமைந்தது. மின்கலக் கடிகாரத்தாற் பொறிக்கடிகாரத்தைச் சந்தையினின்று விலக்கிய இந்நிறுவனமே, 2025 இல் ‘ஜல்சா’ என்னும் பொறிக்கடிகாரத்தை வெளியிட்டது. பொன்னுறை, தன் நிறுவனத்திலேயே ஆக்கிய பறக்கும் சுழற்கூடு, முகப்பிலே பளிங்குக்கல் மீது ஜெய்ப்பூரின் ஹவா மஹால் சிற்றோவியம். அதனைத் தீட்டியவர் பத்மசிறீ விருது பெற்ற ஷாகிர் அலி. செய்யப்பட்டவை பத்து, ஒவ்வொன்றின் விலை 40 இலட்சத்து 50 ஆயிரம் இந்திய ரூபா.

பத்தும் விற்றாலும் வரவு நான்கு கோடியே ஐந்து இலட்சம்; அத்துணைப் பெரு நிறுவனத்துக்கு இஃதொரு பொருட்டன்று. உரிய ஊதியம் வேறு. சுழற்கூட்டை வாங்கிப் பொருத்துவோர் பலர். தாமே ஆக்குவோர் சிலர். அவ்வறிவு இன்று தமிழ்நாட்டு ஆலையொன்றிற் கைவந்துள்ளது.

எனினும் எண்ணிக்கையைக் கண்டு மட்டும் மயங்குதல் கூடாது. சிற்றோவியர் ஒருவரின் கை ஓராண்டில் இத்துணையே தீட்டும் என்ற எல்லை ஒன்று; ஆயிரக்கணக்கில் வார்த்தெடுத்த கடிகாரத்தின் பின்மூடியில் எண் பொறித்து, அருமை என விளம்பும் வணிகன் வகுத்த எல்லை மற்றொன்று. முன்னதில் எண் குறைந்தது வேலையால். பின்னதில் வேலை ஏதும் மிகவில்லை, விலையே மிகுந்தது. சேகரிப்போர் இதனைப் பகுத்துணர்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று. பொறிக்கடிகாரத்தின் எண்ணெய் காலப்போக்கில் உலரும். சில ஆண்டுகட்கொருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டாலன்றி அது பழுதுறும். உப்புக்காற்று வீசும் நம் கரையூர்களிற் கண்ணிலே உருப்பெருக்கிக் கண்ணாடி செருகிப் பழைய கடிகாரங்களைத் திறந்து பார்த்த வினைஞர் அருகி வருகின்றனர். மின்கலம் மாற்றுவோரே மலிந்துள்ளனர். சாதாரணப் பொறியை எங்கேனும் ஒருவர் செப்பனிட்டுத் தருவார். ஜல்சாவின் சுழற்கூட்டைத் திறக்க நேரின், அதனை ஆக்கியோரிடமே அது திரும்பிச் செல்லவேண்டும்.