'பாஸ் அவுட்' ஆனீர்களா என்று மருத்துவர் கேட்டால்...

உச்சிவெயிலில் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் தலைசுற்றி விழுந்தார். உடன் வேலை செய்யும் நண்பர் அவரை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றார். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, “டிட் யூ பாஸ் அவுட்?”

“நோ டாக்டர். டென்த் ஃபெயில்” என்றார் ஊழியர்.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து எட்டு ஆண்டுகளாகக் கட்டுமானத் துறையில் இருக்கும் அந்த அண்ணன், இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பாதிச் சிரிப்புதான் வந்தது. அவர் உண்மையாகவே சில நொடிகள் நினைவிழந்திருக்கிறார். உடன் வந்த நண்பர் குறுக்கிட்டு, கண்ணை மூடிச் சாய்ந்து நடித்துக் காட்டியிராவிட்டால், 'மயக்கம் இல்லை' என்றே பதிவாகியிருக்கும்.

தவறு அவருடையது என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 'பாஸ் அவுட்' என்றால் படித்து முடித்து வெளியே வருவது. “நான் 2016 பாஸ் அவுட்” என்று பொறியியல் பட்டதாரிகள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். இங்கேகூட தேசிய சேவையாளர்கள் அடிப்படை ராணுவப் பயிற்சியை முடிக்கும்போது நடக்கும் அணிவகுப்பை 'பாசிங் அவுட் பரேட்' என்றுதான் அழைக்கிறோம். அதே இரண்டு சொற்கள் மருந்தகத்தில் மயக்கம் போடுவதைக் குறிக்கின்றன.

ஒரு வினைச்சொல்லோடு 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'ஆன்' போன்ற சிறு சொல் ஒன்று சேர்ந்து, இரண்டின் தனிப்பொருளிலிருந்தும் விலகிப் புதுப்பொருள் தருவதை ஆங்கிலத்தில் 'ஃபிரேசல் வெர்ப்' என்கிறார்கள். இங்கே 'கூட்டுவினை' என்று வைத்துக்கொள்வோம். 1755ல் வெளிவந்த தமது ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வெளிநாட்டவரை அதிகம் திணறடிப்பது இதுதான் என்ற கருத்தை சாமுவேல் ஜான்சன் எழுதிவிட்டார். 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயர் பரவலானதோ அதற்கு வெகுகாலம் கழித்து, 1925ல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலின் வழியாகத்தான். ஆக, திணறுவதில் நாம் முதல் ஆட்கள் இல்லை.

தமிழ் படித்தவன் என்பதாலோ என்னவோ, இதில் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இந்த வேலையைத் தமிழும் காலங்காலமாகச் செய்துவருகிறது. 'பின்பற்று' என்றால் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வதா? 'மேற்கொள்' என்றால் மேலே எடுத்துக்கொள்வதா? 'கண்டுபிடி' என்பதில் யாரைப் பிடிக்கிறோம்? தமிழ் கற்கும் ஒரு சீன நண்பர் 'விட்டுக்கொடு' என்ற சொல்லைக் காட்டி, “விடச் சொல்கிறார்களா, கொடுக்கச் சொல்கிறார்களா?” என்று கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதால் நமக்கு அது ஒரே சொல். அவருக்கு அது புதிர்.

'குழந்தையைப் பார்' என்பதற்கும் 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் அதே வேறுபாடுதான் 'லுக் அட்', 'லுக் ஆஃப்டர்' இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. நாம் 'கொள்' என்பதைச் சேர்க்கிறோம், அவர்கள் 'ஆஃப்டர்' சேர்க்கிறார்கள். 'சாப்பிடு' என்பதை 'சாப்பிட்டுவிடு' என்று சொன்னால் மிச்சம் வைக்காதே என்ற தொனி வருகிறது அல்லவா? அந்த 'விடு' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் பல இடங்களில் 'அப்' செய்கிறது. 'ஈட் அப்', 'யூஸ் அப்', 'ஃபினிஷ் அப்', 'கிளீன் அப்' எல்லாவற்றிலும் முழுவதுமாக முடிப்பது என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. 'கேரி ஆன்', 'கோ ஆன்' என்பவற்றில் வரும் 'ஆன்', நம் 'கொண்டே இரு' போலத் தொடர்ச்சியைக் காட்டுகிறது. 'ஆஃப்' பெரும்பாலும் அறுத்துவிடும், விலக்கிவிடும்: 'கட் ஆஃப்', 'டேக் ஆஃப்', 'கால் ஆஃப்', 'லே ஆஃப்'.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். இந்த 'ஆஃப்' என்ற சொல்லை நாம் ஏற்கெனவே ஒரே பொருளில் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்பதுதான் சிக்கல். ஆங்கிலேயர் 'டர்ன் ஆஃப்', 'ஸ்விட்ச் ஆஃப்' என்றால், நாம் வினையைக் கழற்றிவிட்டு 'ஃபேனை ஆஃப் பண்ணு' என்கிறோம். சிங்கப்பூர் ஆங்கிலத்திலும் 'ஆஃப் தி ஃபேன்' உண்டு. ஆகவே 'ஆஃப்' என்றால் நின்றுபோவது என்று நம் காது முடிவுகட்டிவிட்டது.

இப்போது தங்குவிடுதியில் தீப்பாதுகாப்பு பற்றி விளக்குபவர், “இஃப் தி அலாரம் கோஸ் ஆஃப், லீவ் தி பில்டிங்” என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். 'அலாரம் ஆஃப் ஆனால் வெளியேறு' என்று கேட்பவர், அது கத்தும்போது படுக்கையிலேயே இருப்பார், நின்றபின் எழுந்திருப்பார். ஆனால் 'கோஸ் ஆஃப்' என்பது அலாரத்தைப் பொறுத்தவரை ஒலிக்கத் தொடங்குவது! விளக்குக்கு அதே 'கோஸ் ஆஃப்' என்றால் அணைவது. எனக்குத் தெரிந்து நம்மவர்களுக்கு இதைவிட ஆபத்தான கூட்டுவினை வேறில்லை. “லுக் அவுட்!” என்று யாராவது கத்தினால் வெளியே எட்டிப்பார்க்காமல் விலகவேண்டும் என்பதை அதற்கு அடுத்த இடத்தில் வைக்கலாம்.

'புட் ஆஃப்' என்பதில் நானே வழுக்கியிருக்கிறேன். செய்தியாளராகச் சேர்ந்த புதிதில், ஒரு நிகழ்ச்சி 'புட் ஆஃப்' ஆகிவிட்டது என்று ஏற்பாட்டாளர் தொலைபேசியில் சொன்னதை 'ரத்து' என்று குறித்துக்கொண்டேன். தள்ளிவைத்திருக்கிறார்கள் என்பதுதான் பொருள். ரத்து என்றால் 'கால் ஆஃப்'. ஆசிரியர் மீண்டும் ஒருமுறை அழைத்துக் கேட்கச் சொன்னதால் அது அச்சேறாமல் தப்பியது. 'போஸ்ட்போன்' என்று சொல்லியிருந்தால் எனக்குக் குழப்பமே வந்திருக்காது.

இதில் ஒரு காரணம் இருக்கிறது. புத்தகம் வழியாக ஆங்கிலம் கற்ற நம்மில் பலருக்கு நீளமான, கனமான சொற்கள் தெரியும். 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'எக்ஸ்டிங்குவிஷ்' எல்லாம் தேர்வில் வந்தவை. அன்றாடப் பேச்சில் மேற்பார்வையாளரும் தாதியரும் மகளின் வகுப்பாசிரியரும் அவற்றுக்குப் பதிலாக 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'புட் அவுட்' என்கிறார்கள். மூன்றிலும் 'புட்' இருக்கிறது, 'போடு' எங்கும் இல்லை. ஆகையால் ஐயம் வரும்போது, தெரிந்த ஒற்றைச் சொல்லைத் திருப்பிக் கேட்டுவிடுவது நல்லது: “யூ மீன் கேன்சல், ஆர் போஸ்ட்போன்?” இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயன்படுத்தும் முறையில் கவனிக்கவேண்டியது, நடுவில் சொல் நுழையுமா என்பது. 'டர்ன் ஆஃப் தி பம்ப்' என்றும் சொல்லலாம், 'டர்ன் தி பம்ப் ஆஃப்' என்றும் சொல்லலாம். பம்ப் என்ற பெயருக்குப் பதில் 'இட்' வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்று யாரும் சொல்வதில்லை. 'லுக் ஆஃப்டர்' போன்றவை பிரிய மாட்டா. 'லுக் ஆஃப்டர் ஹிம்' மட்டுமே சரி. மின்னஞ்சல் எழுதுவோர் 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதற்குப் பின் 'மீட்டிங் யூ' என்று எழுதவேண்டும், 'மீட் யூ' அல்ல. இன்னொன்று, நம்மவர்கள் தாராளமாகச் சொல்லும் 'கோப் அப் வித்' என்பதில் 'அப்' தேவையே இல்லை.

பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐநூறு கூட்டுவினைகள் கொண்ட நூல்கள் கடைகளில் கிடைக்கின்றன. நானும் ஒன்று வாங்கி, 'பி' எழுத்தோடு நிறுத்தியவன். மேலும், பலவற்றை நாம் ஏற்கெனவே அறிவோம். மேக்கப், செக்கப், பில்டப், லாக்கப், படப்பிடிப்பு முடிந்தால் சொல்லும் பேக்கப் எல்லாம் தமிழுக்குள் பெயர்ச்சொல்லாகக் குடிவந்த கூட்டுவினைகளே. அங்கிருந்து ஓர் அடி எடுத்துவைத்தால் போதும். 'மேக் அப்' என்பதை வினையாக ஒருவர் சொன்னால், அது கதை கட்டுவதாக இருக்கலாம், சண்டைக்குப் பின் சமாதானம் ஆவதாக இருக்கலாம். எது என்பதைச் சூழல்தான் சொல்லும்.

அதனால்தான் அந்த அண்ணனின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. மருந்தகத்து நிகழ்வுக்குப் பிறகு அவர் சட்டைப்பையில் ஒரு குட்டிக் குறிப்பேடு வைத்திருக்கிறார். கேட்ட கூட்டுவினையைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளை மட்டும் எழுதாமல் யார், எப்போது, எதைப் பார்த்துச் சொன்னார் என்றும் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேநீர் குடித்துக்கொண்டே அதைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் 'பாஸ் அவுட் – டாக்டர் கேட்டா மயக்கம், ஊர்ல கேட்டா படிப்பு' என்று இருந்தது. கடைசியாக எழுதியிருந்தது 'கோஸ் ஆஃப்'.

“அலாரம்னா கத்தும். லைட்டுனா அணையும். பாலுன்னா கெட்டுப்போகும்” என்று படித்துக் காட்டிவிட்டு, “மூணும் எங்க ரூம்ல நடந்திருக்கு தம்பி” என்றார்.