உஷார்! ஒன்று செத்தால் இன்னொன்றைச் செருகாதீர்கள்

கம்ப்யூட்டரில் செருகிய பென் டிரைவ் திடீரென்று செத்துப்போகிறது. உடனே கை என்ன செய்யும்? வேறொரு பென் டிரைவை எடுத்து அதே இடத்தில் செருகும். அதுவும் போச்சா? மவுஸைக் கழற்றி அங்கே மாட்டிப் பார்க்கும். மவுஸும் போன பிறகுதான் புத்தி போர்ட் பக்கம் திரும்பும். அதற்குள் மூன்று பொருள் காலி!

ஒரு போர்ட்டில் ஒரு பொருள் செத்தால், குற்றம் பொருளின் மேல்தான் என்று முடிவு கட்டாதீர்கள். அந்த போர்ட் மதர்போர்டோடு வந்ததாக இல்லாமல் தனியாக வாங்கி மாட்டிய யு.எஸ்.பி. கார்டில் இருந்தால், சந்தேகம் முதலில் கார்டின் மேல்தான் விழ வேண்டும்.

காரணம் இருக்கிறது. பழைய டெஸ்க்டாப்பில் போர்ட் போதவில்லை என்று பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் ஒரு கார்டைச் செருகிக்கொள்கிறோம். யு.எஸ்.பி. சாதனங்களுக்கு வேண்டியது 5 வோல்ட். அந்த ஸ்லாட்டிலோ 5 வோல்ட் கிடையவே கிடையாது, 12ம் 3.3ம்தான் உண்டு. பழைய பி.சி.ஐ. ஸ்லாட்டில் 5 இருந்தது, புதியதில் இல்லை. ஆகவே கார்டு அந்த 5 வோல்ட்டை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

சில கார்டுகள் ஸ்லாட்டின் 12 வோல்ட்டை வாங்கித் தாங்களே 5 ஆகக் குறைக்கின்றன. குறைக்கும் வேலையைச் செய்வது ஒரு சின்ன ரெகுலேட்டர். அதிலுள்ள ஸ்விட்ச் டிரான்சிஸ்டர் சூட்டிலோ மட்டமான தரத்தாலோ ஷார்ட் ஆகிவிட்டால் தடுப்பதற்கு நடுவில் எதுவும் இல்லை. 12 வோல்ட் நேராக போர்ட்டுக்கு வந்துவிடும். கம்ப்யூட்டர் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டே இருக்கும். திரையில் ஒரு எச்சரிக்கைகூட வராது. நல்ல கார்டில் மின்னழுத்தம் எகிறினால் துண்டிக்கும் சர்க்யூட் இருக்கும். பெயர் தெரியாத மலிவுக் கார்டுகளில் செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது அந்த மாதிரி பாகங்களில்தான். ஃபியூஸ் இருக்கிறதே என்று ஆறுதல் அடையவும் முடியாது. ஃபியூஸ் பார்ப்பது ஆம்பியரை, வோல்ட்டை அல்ல. அது சுதாரிப்பதற்குள் பென் டிரைவின் சிப் போயிருக்கும்.

இன்னொரு வகைக் கார்டு, கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் ஒயரில் நேரடியாக 5 வோல்ட் வாங்குகிறது. எனக்கு இந்த வகைதான் மேல். ஆனால் இதில் ஆபத்து மாட்டுகிறவர் கையில் இருக்கிறது. நாலு முனை பவர் கனெக்டரில் சிவப்பு ஒயர் 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. தேய்ந்துபோன கனெக்டரைத் தலைகீழாக அழுத்திச் செருகினால் இரண்டும் இடம் மாறிவிடும். ஒயர் மாறித் தயாரான மலிவு அடாப்டரும் இதே வேலையைச் செய்யும். கழற்றி மாட்டும் கேபிள் கொண்ட எஸ்.எம்.பி.எஸ். என்றால் கூடுதல் கவனம் தேவை: ஒரு கம்பெனியின் கேபிள் இன்னொன்றில் அழகாகப் பொருந்தும், உள்ளே ஒயர் வரிசை வேறாக இருக்கும். இப்படி மாற்றி மாட்டி கேபினட்டில் இருந்த எல்லா ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே நொடியில் இழந்தவர்கள் உலகெங்கும் உண்டு.

பெயர்பெற்ற கம்பெனியானால் பயமில்லையா? என்.இஸட்.எக்ஸ்.டி. நிறுவனத்தின் எச்1 கேபினட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கிராபிக்ஸ் கார்டை மதர்போர்டோடு இணைக்கும் ரைசர் கார்டைப் பிடித்திருந்த இரண்டே திருகுகள் ஷார்ட் உண்டாக்கித் தீப்பிடிக்க வைக்கலாம் என்று தெரிந்து, 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 32,000 கேபினட்டுகள் திரும்ப அழைக்கப்பட்டன. முதலில் பிளாஸ்டிக் திருகு அனுப்பிச் சமாளிக்கப் பார்த்தார்கள். அது போதவில்லை.

பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். உங்கள் கடையில் கார்டு கெட்டால் சாவது உங்கள் பொருள் அல்ல, வருகிறவர்களின் பென் டிரைவ். பிராஜெக்ட் ரிப்போர்ட்டோடு வந்த மாணவரும் கல்யாணப் போட்டோவோடு வந்தவரும் வரிசையாகச் செருகிவிட்டுப் போவார்கள். ஆடிட்டர் ஆபீஸ் என்றால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போகும்; ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளில் புது டோக்கனுக்கு எங்கே ஓடுவது?

சோதிப்பது எளிது. போர்ட்டில் செருகினால் வோல்ட் காட்டும் சின்ன யு.எஸ்.பி. மீட்டர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. 4.75க்கும் 5.25க்கும் நடுவில் காட்டினால் சரி. ஒன்றும் செருகாமல் பார்த்துவிட்டு, போனாலும் கவலையில்லாத ஒரு சின்ன யு.எஸ்.பி. விசிறியையோ பல்பையோ மாட்டி மறுபடி பாருங்கள். 5.5ஐத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள். 4.5க்குக் கீழே இறங்கினாலும் நல்லதல்ல. வெளி ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று அடித்து, எழுதிக்கொண்டிருந்த ஃபைலைப் பாதியில் விட்டுவிடும். போனை மாட்டிப் பார்த்து, சார்ஜ் ஏறுகிறது, போர்ட் நல்லதுதான் என்று மட்டும் முடிவு செய்யாதீர்கள். வேகமாகச் சார்ஜ் ஆகும் பல போன்கள் அதிக வோல்ட்டைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. உங்கள் மவுஸ் அப்படி அல்ல.

ஏற்கெனவே ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டதா? வீட்டில் இருக்கிற ஒவ்வொரு லேப்டாப்பிலும் அதைச் செருகிப் பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். பல ஹார்ட் டிஸ்க்குகளின் போர்டில் 5 வோல்ட் பாதையைக் காக்க ஒரு டயோடு இருக்கும். அதிக வோல்ட் வந்தால் அது தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு அடியை வாங்கும். விவரம் தெரிந்த டேட்டா ரெகவரி ஆட்கள் அதை எடுத்துவிட்டு ஃபைல்களை மீட்டதுண்டு. பென் டிரைவுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு.

கெட்ட கார்டை எடுத்து அலமாரியில் வைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து யாராவது நல்ல கார்டு என்று எடுத்து மாட்டுவார்கள். பழைய சாமான்காரரிடம் போட்டால் அது இன்னொருவர் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். இரண்டாக உடைத்து, மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.