சீனத்திலே ஓர் ஆசிரியக் குடும்பம்

சிச்சுவான் மாகாணத்தின் தலைநகராகிய செங்டுவிலே, 1915ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கனடா நாட்டு ஆசிரியத் தம்பதிகளுக்கு ஒரு பெண் மகவு பிறந்தது. தந்தையார் ஹோமர் பிரவுன், மேற்குச் சீன ஐக்கிய சர்வகலாசாலையிலே கல்வித்துறையைச் சேர்ந்தவர். தாயார் மியூரியல், சிறுவர் கல்வியில் ஈடுபாடு மிக்கவர். இருவரும் மெதடிஸ்த மிசன் ஊழியராகச் சீனம் சென்றவர்கள். மகவுக்கு இசபெல் என்று பெயரிட்டனர்.

அக்காலத்து மிசன் ஆசிரியக் குடும்பங்கள் எவ்வாறு வாழ்ந்தன என்பதற்கு இசபெலின் இளமை ஒரு நல்ல சான்று. சர்வகலாசாலை வளவை ஒட்டியே இல்வாழ்க்கை. வீட்டு வேலைக்குச் சீனப் பணியாளர். கோடை வெப்பத்துக்கு அஞ்சி மலைவாசம். படிப்பதற்கோ கனடாப் பாடசாலை என்று தனியாக ஒன்று இருந்தது. அது வெளிநாட்டார் பிள்ளைகளுக்கென்றே நடந்த பள்ளி. சீன மண்ணிலே பிறந்து, சீனக் காற்றைச் சுவாசித்த குழந்தை, கனடாவின் மலைகளையும் ஆறுகளையும் மனனஞ் செய்தது. பெற்றோரைக் குறைகூற மனம் வரவில்லை. என்றேனும் ஒருநாள் ஊர் திரும்ப வேண்டிய பிள்ளைகள் அல்லவா? அந்நிய நாட்டிலே கற்பிக்கப் போகும் எந்த ஆசிரியனுக்கும் பாடநூல் தேடுவதைக் காட்டிலும் பெரிய கவலை, தன் பிள்ளையை எங்கே படிக்கவைப்பது என்பதுதான்.

இசபெல் தொறொன்ரோ சர்வகலாசாலையிலே பட்டம் பெற்று மீண்டும் சீனம் வந்தார். கிராமங்களிலே தங்கி மக்கள் வாழ்வை ஆராய்ந்தார். செங்டுவிலே டேவிட் குரூக் என்ற ஆங்கில ஆசிரியரைச் சந்தித்து, 1942இல் இலண்டனில் அவரை மணந்தார். டேவிட் சாமானியர் அல்லர். ஸ்பானிய உள்நாட்டுப் போரிலே குண்டடி பட்டவர். சோவியத் உளவுத்துறையின் ஏவலினால் ஷாங்காய் வந்து, பின்னர் அத்தொழிலை விட்டு ஆசிரியத்தை மேற்கொண்டவர். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

1947இல் இருவரும் சீனத்துக்குத் திரும்பி, ஹெபெய் மாகாணத்துக் கிராமமொன்றிலே நடந்த நிலச் சீர்திருத்தத்தை ஆராய்ந்தனர். ஆய்வு முடிந்ததும் ஊர் திரும்புவதே எண்ணம். ஆனால் 1948இல், புதிய அரசுக்கு வேண்டிய மொழிபெயர்ப்பாளரைப் பயிற்றும் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும்படி அழைப்பு வந்தது. கிராமத்து வீடுகளே வகுப்பறைகள். அடுத்த ஆண்டிலே அப்பள்ளி பெய்ஜிங் நகருக்குப் பெயர்ந்தது. குரூக் தம்பதிகளும் உடன் பெயர்ந்தனர். இன்று அது பெய்ஜிங் அந்நிய மொழிகள் பல்கலைக்கழகம்.

கார்ல், மைக்கேல், போல் என்று 1949, 1951, 1953ஆம் ஆண்டுகளில் மூன்று புதல்வர் பிறந்தனர். பழைய கேள்வி மறுபடியும் எழுந்தது. இசபெல் தம் பெற்றோர் தந்த விடையைத் தரவில்லை. மூவரும் சீனப் பள்ளிகளுக்கே சென்றனர். மைக்கேல், சீன வழக்கின்படி குடும்பப் பெயரை முன்வைத்துக் 'கே மாக்காய்' ஆனார். குளிர்காலத்திலே பஞ்சு திணித்த மேலங்கி, நிலக்கரி அடுப்பு, நவம்பர் மாதத்தில் வீதியோரமெங்கும் மலைபோற் குவியும் கோவா ஆகியவையெல்லாம் பெய்ஜிங் பிள்ளைகளைப் போலவே அவர்களுக்கும் பழகிய காட்சிகள்.

எனினும், பழகினால் மட்டும் ஒருவன் அந்நாட்டவன் ஆகிவிடுவானா? கூப்பனுக்குத் தானியமும் துணியும் வாங்கிய அந்நகரிலே, வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு உயர்ந்த சம்பளமும் தனிச் சலுகைகளும் இருந்தன. உபசாரத்தின் பேரால் எழுந்த மதில் அது. 1966இல் அமெரிக்கர் நால்வர், எங்களையும் சீனரைப் போலவே நடத்துங்கள் என்று சுவரொட்டி எழுதினர். மாவோ அதனை ஆமோதித்தார். கலாசாரப் புரட்சி மூண்டபோது வெளிநாட்டார் சிலர் தாமும் ஒரு புரட்சி அணி அமைக்க, டேவிட்டும் அதிற் சேர்ந்தார். வினையை விலைகொடுத்து வாங்கிய செயல் என்பதே என் எண்ணம்.

1967 அக்டோபரில் அவரைச் செங்காவலர் பிடித்தனர். உளவாளி என்பது குற்றச்சாட்டு. உளவு பார்த்த காலத்தில் எவரும் பிடிக்கவில்லை. இருபது ஆண்டுகளாகப் பாடஞ் சொல்லிக்கொடுத்தவரைப் பிடித்தார்கள்! ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சிறைவாசம். பெரும்பகுதி தனிமையிலே கழிந்தது. இசபெலும் தாம் கற்பித்த வளவுக்குள்ளேயே மூன்று ஆண்டுகள் அடைத்துவைக்கப்பட்டார். மூத்த மகனுக்கு 20 வயதும் நிரம்பவில்லை. இளையவன் 15 வயதை ஒட்டியவன். தாய் தந்தையின்றி மூவரும் தம்மைத் தாமே காத்துக்கொண்டனர். ஆலை வேலைக்கும் போயினர். சீனப் பள்ளியும் சீனப் பேச்சும் அவ்வேளையிலே கைகொடுத்திருக்கும். கனடாப் பாடசாலையில் மட்டும் படித்திருந்தால் அவர்கள் கதி என்ன?

1973 ஜனவரியில் டேவிட் விடுதலையானார். மார்ச் 8ஆந் திகதி மகளிர் தினக் கூட்டத்திலே பிரதமர் சௌ என்லாய் வெளிநாட்டாரிடம் வருத்தந் தெரிவித்தார். இனியாவது மூட்டை கட்டுவார்கள் என்று எவரும் எதிர்பார்த்திருப்பர். அவர்களோ அதே வளவிலே, அதே மாணவர் நடுவே இருந்தனர். 1978இல் வெளியான பெரிய சீன–ஆங்கில அகராதியில் அவர்களுடைய உழைப்பும் உண்டு. 1989இல் மாணவர்மீது படை ஏவப்பட்டபோது கண்டிக்கவும் தயங்கவில்லை. டேவிட் 2000ஆம் ஆண்டில் மறைந்தார். இசபெலுக்கு 2019இல் சீன அரசு நட்புறவுப் பதக்கம் வழங்கிற்று.

கே மாக்காய் என்று சீனப் பள்ளியிலே பெயர் கொடுத்த மைக்கேல், 1994இல் சிலருடன் கூடிப் பெய்ஜிங்கில் ஒரு சர்வதேசப் பள்ளியைத் தாபித்தார். அங்கே படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டார் பிள்ளைகளே. அப்பள்ளி தொடங்கியபின் மேலும் 29 ஆண்டுகள் அவருடைய தாயார் அந்நகரிலே வாழ்ந்து, 2023 ஆகஸ்டில், தமது 107ஆம் வயதிற் காலமானார்.