பிரபு வீட்டில் இறைச்சிக் கடை

மும்பையில் தள்ளுவண்டிக்காரர் டஜன் கணக்கில் விற்கும் ஜல்காவ் வாழைப்பழம் கேவண்டிஷ் இனத்தைச் சேர்ந்தது. கேவண்டிஷ் என்பது ஓர் ஆங்கிலப் பிரபு குடும்பத்தின் பெயர். இங்கிலாந்தில் டெர்பிஷயர் பகுதியில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகை அவர்களுடையது. அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன், 1830-களில் கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்துக் காய்க்க வைத்த வாழைக்கு எஜமானரின் பெயரே நிலைத்தது.

பழம் உலகமெல்லாம் விற்றாலும் மாளிகைக்கு மிஞ்சியது அந்தப் பெயர்தான். அன்று அது செலவழிக்கவே கட்டிய வீடு. 1849-ல் பக்கத்து ரௌஸ்லி வரை ரயில் வந்ததும், ஒரே பருவத்தில் சுமார் 80,000 பேர் பார்க்க வந்தார்கள். வருகிறவர் எவ்வளவு எளியவரானாலும் நீரூற்றைத் திறந்து காட்டவேண்டும் என்பது பிரபுவின் உத்தரவு!

அந்த வீட்டைச் சம்பாதிக்க வைத்தது ஒரு மரணம். 10-வது டெவன்ஷயர் டியூக் தம் சொத்தை முன்கூட்டியே மகனுக்கு மாற்றியிருந்தார். மாற்றியபின் ஐந்து ஆண்டு உயிரோடிருந்தால் மரண வரி கிடையாது. 1950 நவம்பரில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் மாரடைப்பில் சாய்ந்தார். கெடுவுக்கு 14 வாரமே பாக்கி. வரியோ நூற்றுக்கு 80. (நம் நாட்டிலும் 1953 முதல் 1985 வரை இப்படி ஒரு வரி இருந்தது. அதற்குப் பயந்து தூக்கம் கெட்ட குமாஸ்தா யாரும் இருந்திருக்க மாட்டார்.)

நிலங்களை விற்றார்கள். அரிய ஓவியங்கள் போயின. ஹார்ட்விக் ஹால் என்ற இன்னொரு மாளிகையே வரிக்கு ஈடாகப் போயிற்று. கணக்கு முடிய 17 ஆண்டு பிடித்தது.

பட்டத்துக்கு வந்த மகன் ஆண்ட்ரூவும் மனைவி டெபோராவும் டிக்கெட் வசூலோடு நிற்கவில்லை. கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். மாடு இருந்தது, பட்டணத்துப் பிள்ளைகள் பால் கறப்பதைப் பார்க்க 1973-ல் ஒரு பண்ணை முற்றம் திறந்தார்கள். ஆடு இருந்தது, பில்ஸ்லி கிராமத்தில் பழைய குதிரைப் பண்ணைக் கட்டிடமும் இருந்தது. 1977-ல் அங்கே கடை திறந்து, எஸ்டேட்டின் ஆட்டிறைச்சியையும் மாட்டிறைச்சியையும் விற்கத் தொடங்கினார் டெபோரா. டியூக் மனைவி இறைச்சி விற்பதா என்று கூச்சப்பட்டிருந்தால் அந்தக் கடை இல்லை. அவர் 2014-ல் காலமானார். கடை இன்றும் நடக்கிறது.

1981-ல் மாளிகையை 99 ஆண்டுக் குத்தகைக்கு ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். டிக்கெட் பணம் பராமரிப்புக்குப் போகிறது. பிரபு குடும்பம் தான் குடியிருக்கும் பகுதிக்கு அந்த அறக்கட்டளைக்கு வாடகை கட்டுகிறது.