எண்பத்தேழில் ஒரு பங்கு

மாலை நேரத்தில் எங்கள் மதரஸாவில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, அரக்கோணம் நோக்கிச் செல்லும் மின்சார ரயிலின் ஓசை தொலைவிலிருந்து மிதந்து வரும். பிள்ளைகளின் தலைகள் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பும். பிறகு பாடத்துக்கு மீளும். ஒரு மாணவனின் கவனம் மட்டும் மீளாது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் அவன். மனனம் செய்வதில் பின்தங்கியவன். பள்ளிக்கூடத்திலும் கணக்கு வராது என்று பெயரெடுத்தவன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அவனுடைய ரேஹால் பலகைக்கு அடியில் வெட்டிய சார்ட் அட்டைத் துண்டுகள் சிலவற்றைக் கண்டேன். "பாட நேரத்தில் குப்பையைச் சுமந்துகொண்டு வருகிறாயா?" என்று கடிந்து, அவற்றைக் கசக்கி வெளியே எறிந்துவிட்டேன். சிறுவன் அழவில்லை. பாடம் முடிந்ததும் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி எடுத்தான். "அது நம்ம ஸ்டேஷன், ஹஜ்ரத்" என்றான்.

ஒரு துண்டை வாங்கி நீவிப் பார்த்தேன். கதவும் இரண்டு சன்னல்களும் வெட்டப்பட்ட ஒரு சுவர். பின்புறத்தில் பென்சிலால் இரண்டு வரிசை எண்கள். ஒன்று நிலையக் கட்டடத்தின் உண்மை அளவுகள். மற்றொன்று அவற்றை எண்பத்தேழால் வகுத்துக் கண்ட விடைகள். வகுத்தல் தெரியாதவன் என்று கருதப்பட்ட பிள்ளை ஒரு கட்டடம் முழுவதையும் வகுத்து வைத்திருந்தான்! வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவனுடைய மாமா கொண்டுவந்த சிறு ரயில் பெட்டியின் உறைமீது 1:87 என்று அச்சிட்டிருந்ததாம். அதன் பொருளை யார் யாரிடமோ கேட்டறிந்து தொடங்கிய வேலை அது.

அன்று நான் அடைந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

விளையாட்டல்ல, ஒரு கலை

மாதிரி இருப்புப்பாதை அமைத்தல் நூறாண்டுகளுக்கு மேல் வளர்ந்து வந்துள்ள ஒரு கைக்கலை. 1891-ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் மார்க்லின் நிறுவனம் பொம்மை ரயில்களுக்கு வரையறுத்த தண்டவாள அளவுகளை அறிமுகம் செய்தது. அதன் பயனாக ஒருமுறை வாங்கிய தண்டவாளத்தோடு மற்றொருமுறை வாங்கியதை இணைக்க முடிந்தது. இங்கிலாந்தில், மெக்கானோ விளையாட்டுச் சாதனத்தை உருவாக்கிய பிராங்க் ஹார்ன்பி 1920-இல் ரயில்களை விற்பனைக்குக் கொணர்ந்தார்.

இக்கலையின் உயிர்நாடி அளவு விகிதம். 1:87 என்றால், உண்மைப் பொருளின் 87 மி.மீ. மாதிரியில் 1 மி.மீ. ஆகும். பிரிட்டிஷ் மாதிரிகளில் 1:76 பரவலாக வழங்குகிறது. இடம் குறைந்தவர்கள் 1:160 என்ற அளவை நாடுவர். எந்த விகிதத்தையும் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்த பின் கதவுக்கு ஒரு விகிதம், கூரைக்கு ஒரு விகிதம் என்று மாற்றக் கூடாது. நிறுவையிலும் அளவையிலும் நேர்மை வேண்டும் என்று போதிக்கும் மார்க்கத்தைச் சார்ந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் நாட்டு அகலப் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1,676 மி.மீ. அதனை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். ஆனால் கடைகளில் இவ்விகிதத்துக்குக் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. மட்டுமே. அது ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்குப் பொருந்துவது. ஆகவே இந்தியப் பாதையை உள்ளபடி காட்ட விரும்புகிறவர், தம் கையாலேயே தண்டவாளம் அமைத்தாக வேண்டும்.

நமது பாதையின் பெருமை

எங்கள் திருவாலங்காட்டு வழியே செல்லும் பாதை சாதாரணமானதன்று. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தென்னகத்தின் முதல் பயணிகள் ரயில் பாதை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. திருவள்ளூரையும் அரக்கோணத்தையும் இணைக்கும் எங்கள் பகுதி இருப்புப்பாதை அதன் ஓர் அங்கமே. ராயபுரத்தின் பழைய நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆனால் எத்தனையோ சிறிய நிலையங்களின் ஓட்டுக் கூரைகளும், கைகாட்டி மரங்களும், தடித்த அட்டைப் பயணச்சீட்டுகளும் மறைந்துவிட்டன. அவற்றின் படங்களும் அரிது. மாதிரி செய்பவன் மறைந்துபோகும் ஒன்றின் அளவுகளைக் காப்பாற்றி வைக்கிறான்.

தொடாமல் அளப்பது

பெற்றோர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. அளவெடுப்பதற்காகப் பிள்ளைகள் தண்டவாளத்தில் இறங்கக் கூடாது. தலைக்குமேல் செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. ரயிலோ ஓசை கேட்டுச் சுதாரிப்பதற்குள் வந்துவிடும். பெரியவர் ஒருவர் துணையோடு, பிளாட்பாரச் சீட்டு எடுத்து, ஸ்டேஷன் மாஸ்டரின் அனுமதி பெற்று நடைமேடையிலிருந்தே அளக்க வேண்டும்.

அதற்கு வழிகள் உள்ளன. நம் முக்கியப் பாதைகளில் கிலோமீட்டருக்கு 1,660 சிலிப்பர்கள் என்ற கணக்கில் இடுவது வழக்கம். அதாவது ஏறத்தாழ 60 செ.மீ.க்கு ஒன்று. சிலிப்பர்களை எண்ணினாலே நீளம் தெரிந்துவிடும். பூசாத செங்கல் சுவராயின் வரிசைகளை எண்ணி உயரத்தைக் கணக்கிடலாம். பெரம்பூரில் கட்டப்பட்ட ஐ.சி.எஃப். விரைவு ரயில் பெட்டி ஒன்று ஏறத்தாழ 21.3 மீட்டர் நீளம். மாதிரியில் அது 24½ செ.மீ. ஆகும். அப்படிப் பன்னிரண்டு பெட்டிகள் நிற்கும் நடைமேடைக்கு மூன்று மீட்டர் இடம் வேண்டும்!

எந்த வீட்டில் அவ்வளவு இடம் இருக்கிறது? எனவே தேர்ந்தவர்கள் ஒரு சலுகை எடுத்துக்கொள்வர். நடைமேடையின் நீளத்தைக் குறைப்பர்; பன்னிரண்டு பெட்டிக்குப் பதில் நான்கு பெட்டி நிற்கும்படி அமைப்பர். ஆனால் கதவின் உயரத்தையும் படியின் அகலத்தையும் குறைக்கமாட்டார்கள். தூரம் குறைந்ததைக் கண் பொறுத்துக்கொள்ளும். மனிதன் நுழைய முடியாத கதவைப் பொறுத்துக்கொள்ளாது.

அட்டையும் மண்ணும்

கட்டடத்துக்குச் சார்ட் அட்டையே போதும். இரண்டு மூன்று அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் பாரத்தின்கீழ் உலரவிட்டால் சுவர் வளையாது. மூலைகளில் உட்புறமாகச் சதுரக் குச்சிகளை ஒட்ட வேண்டும். சன்னல்களையும் கதவுகளையும் சுவரை நிறுத்துவதற்கு முன்பே வெட்டி, வண்ணம் தீட்டிவிட வேண்டும். நிறுத்திய பின் கத்தி உள்ளே நுழையாது.

பாதைக்கு இடும் ஜல்லியின் அளவு ஏறத்தாழ 50 மி.மீ. அதனை 87-ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே சலித்த மணலே நமக்கு ஜல்லி. சிலிப்பர்களுக்கு இடையில் மணலை உலர்வாகப் பரப்பி, சிறிய தூரிகையால் ஒதுக்கிச் சீராக்கிய பின், பெவிகாலை நீரில் கரைத்து, அதில் ஒரு துளி சோப்புக் கரைசல் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோப்பு இல்லையேல் துளி மணலின்மேல் உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது.

மரங்களுக்கு எங்கள் ஊர்ப்பெயரே வழிகாட்டியது. ஆலங்காடு என்றால் ஆலமரக் காடல்லவா? பழைய மின்கம்பியின் செப்பு இழைகளைச் சேர்த்து முறுக்கினால் அடிமரம். மேலே இழைகளைப் பிரித்துப் பிரித்து முறுக்கினால் கிளைகள். சில இழைகளைத் தரைவரை தொங்கவிட்டால் விழுதுகள். பசை பூசி மரத்தூளைத் தூவிப் பழுப்பு வண்ணம் தீட்டினால் பட்டை. பச்சைச் சாயம் ஏற்றிய பஞ்சுத் துணுக்குகள் இலைகள். எங்கள் பகுதியின் கரும்பு வயலுக்குப் பழைய பிரஷ்ஷின் நார்களை நட்டோம். மூன்று மீட்டர் கரும்பு 34 மி.மீ. உயரம்தான்.

அழுக்கும் உண்மையே

செய்து முடித்த மாதிரி புத்தம் புதிதாக மின்னினால், அது பொம்மையாகவே தோன்றும். உண்மை நிலையத்தை உற்று நோக்குங்கள். தண்டவாளத்தின் மேற்பரப்பு மட்டும் சக்கரம் தேய்த்துப் பளபளக்கிறது. பக்கங்கள் துருவாலும் பிரேக் தூளாலும் செம்பழுப்பாக இருக்கின்றன. மழைநீர் தெறிக்கும் சுவரின் அடிப்பகுதி கறுத்திருக்கிறது. கரித்தூளையும் செங்கல் தூளையும் காய்ந்த தூரிகையால் மெல்லத் தடவினால் இந்நிறங்கள் வந்துவிடும். குறைவாகத் தடவுவதே நிறைவு.

மனிதர்கள் எங்கே?

"பிளாட்பாரத்தில் ஆட்களை நிறுத்தலாமா, ஹஜ்ரத்?" என்று சிறுவன் கேட்டான். நம் வீடுகளில் எழக்கூடிய கேள்விதான். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகளை வைத்து விளையாடியது ஹதீஸ்களில் வருகிறது. அதனை ஆதாரமாகக் கொண்டு சிறுவர் விளையாட்டுப் பொருள்களுக்கு விலக்களித்த அறிஞர்கள் உண்டு; பேணுதலின் பொருட்டு உருவங்களைத் தவிர்ப்பவர்களும் உண்டு. இரு சாராரையும் நாம் மதிக்கிறோம்.

நாங்கள் தவிர்த்தோம். அதனால் மாதிரி குறைவுபடவில்லை. பெஞ்சில் சாய்த்த ஒரு குடை, கைப்பிடியில் பை தொங்கும் ஒரு சைக்கிள், இறக்கி வைத்த காய்கறிக் கூடை, தண்ணீர்க் குழாயின்கீழ் ஒரு குடம் ஆகியவற்றை வைத்தோம். இப்போதுதான் யாரோ எழுந்து சென்றார்கள் என்று பார்ப்பவர் உணர்கிறார்.

எஞ்சின் செய்வோர்

கட்டடங்களில் கை பழகியவர்கள் எஞ்சின் தொகுப்புகளுக்குச் செல்வர். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்வது எளிது. இங்கிலாந்தில் ஏர்பிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட இத்தகைய தொகுப்புகள் பலருடைய இளமைக் காலத்தை நிறைத்தவை. அடுத்தது வெள்ளை உலோக வார்ப்பு. எளிதில் உருகக்கூடியதாகையால், சுமார் 70 டிகிரியில் உருகும் தனிவகை ஈயப்பற்றை இதற்குப் பயன்படுத்துவர். கடினமானது பித்தளைத் தகடு. அமிலத்தால் அரித்துப் பாகங்கள் வரையப்பட்டிருக்கும் தகட்டை வெட்டி, மடித்து, பற்றவைக்க வேண்டும். ஈயப்பற்று வேலை பெரியவர்களுக்கே உரியது. காற்றோட்டமான இடத்தில் செய்து, உண்ணுமுன் கைகளை நன்றாகக் கழுவ வேண்டும்.

எந்த வகையானாலும் அனுபவசாலிகள் சொல்லும் விதி ஒன்றுதான்: முதலில் அடிச்சட்டம். சக்கரங்கள் தடையின்றிச் சுழல்வதை உறுதி செய்த பின்னரே மேலுடலைத் தொட வேண்டும். 1947-இல் நம் நாட்டுக்கு வந்த டபிள்யூ.பி. நீராவி எஞ்சினின் கூம்பிய முகம் எவரையும் கவரும். ஆனால் 20 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான அதன் பெரிய சக்கரங்கள் ஒன்றுபோல் சுழலாவிட்டால், அந்த முகத்தால் பயனில்லை.

நம் சமுதாய வரலாற்றோடு இணைந்த பாதையொன்றும் இக்கலைஞர்களுக்குக் காத்திருக்கிறது. உலகெங்குமிருந்து, இந்தியாவிலிருந்தும், முஸ்லிம்கள் அளித்த நன்கொடையின் துணையோடு 1900-இல் தொடங்கி 1908-இல் மதீனாவை எட்டிய ஹிஜாஸ் இருப்புப்பாதைதான் அது. அதன் அகலம் 1,050 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 12 மி.மீ.! குறுகிய பாதை மாதிரிகளுக்காகக் கடைகளில் விற்கும் 12 மி.மீ. தண்டவாளம் அதற்கு அப்படியே பொருந்தும்.

நேரில் கண்டு கற்க விரும்புவோர் சென்னை ஐ.சி.எஃப். அருகில் 2002 முதல் இயங்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். புனேயில் ஜோஷி என்பவர் உருவாக்கிய சிற்றளவு ரயில் அருங்காட்சியகம் ஒரு தனிமனிதரின் ஆர்வம் எவ்வளவு வளரக்கூடும் என்பதற்குச் சான்று.

ஓர் இஞ்ச் டேப்

வெளிநாட்டுத் தொகுப்புகளின் விலை நம்மில் பலருக்கு எட்டாதது. கடன் வாங்கி வாங்குவது வீண்விரயம். எங்கள் நிலையமோ அட்டை, மணல், பழைய கம்பி ஆகியவற்றால் ஆனது.

சிறுவனின் அத்தா தையற்காரர். "கடைக்கு வந்து காஜா எடுக்கச் சொன்னால் அட்டையை வெட்டிக்கொண்டிருக்கிறான். நீங்களாவது புத்தி சொல்லுங்கள், ஹஜ்ரத்" என்று என்னிடம் வந்தார். நான் புத்தி சொல்லவில்லை. எண்கள் எழுதிய அந்தச் சுவரைக் கையில் கொடுத்தேன். அளவையே தொழிலாகக் கொண்ட மனிதர். இரண்டு வரிசைகளையும் விரல் வைத்துப் படித்தார். மறுநாள் மகனின் கழுத்தில் அவருடைய இஞ்ச் டேப் தொங்கியது.

மதரஸா ஆண்டு விழாவில் அந்த நிலையத்தை ஒரு மேசைமீது வைத்தோம். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "என் காலத்தில் இந்த இடத்தில் கைகாட்டி நின்றது, தம்பி" என்று ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார். சிறுவன் உடனே பென்சிலை எடுத்து, "எவ்வளவு உயரம் இருக்கும், தாத்தா?" என்று கேட்டான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத எங்கள் நிலையத்தின் வரலாறு அரைமணி நேரம் அந்த மேசையருகே பேசப்பட்டது.

நான் கசக்கிய சுவரை மாற்றிவிடும்படி அவனிடம் சொல்லியிருந்தேன். அவன் மாற்றவில்லை. என் கை பதித்த மடிப்பு அதில் இன்னும் தெரிகிறது. பார்ப்பவர்கள் அதனை மழையில் விழுந்த விரிசல் என்று எண்ணுகிறார்கள். எனக்கு மட்டும் தெரியும் அது என்னவென்று.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! பிள்ளையின் கையில் ஓர் அட்டைத் துண்டைக் கண்டால், எறிவதற்கு முன் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.