வழு இருந்த இடம்

திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டின் காய்கறி மண்டிகளில் இரவில்தான் வணிகம் சூடுபிடிக்கும். லாரிகளிலிருந்து மூட்டைகள் இறங்க இறங்க, கணக்குப்பிள்ளைகள் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் பதிவு செய்வர். அங்கே ஒரு மண்டி, கணக்குச் சரிபார்ப்பதற்காகச் சற்று நேரம் மூடப்படுவதாகக் கொள்வோம். திறந்தவுடன் அச்செய்தி அண்டை மண்டிகளுக்குச் செல்கிறது. அங்குள்ள கணக்குப்பிள்ளை அதனைக் குறித்து முடிப்பதற்குள் அடுத்த சிட்டை வந்துவிட, பதற்றத்தில் வேறு பக்கத்தில் எழுதிவிடுகிறார். கணக்கு இடிக்கிறது. அவரும் கடையை மூடிச் சரிபார்க்கிறார். திறந்ததும் தம் அண்டையாருக்குச் செய்தி அனுப்புகிறார். விடியும்வரை ஏதேனும் ஒரு கடை மூடியே கிடக்கும். ஆயினும், திறந்திருக்கும் எந்தக் கடைக்குள் சென்று பார்த்தாலும் கணக்கு சரியாகவே இருக்கும்!

இக்கற்பனையை ஒத்த நிகழ்வொன்று, 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலையமைப்பில் உண்மையாகவே நேர்ந்தது. நாடெங்கும் இருந்த 114 இணைப்பகங்களைப் பெருங்கணினிகள் இயக்கிவந்தன. அன்று பிற்பகல் நியூயார்க் இணைப்பகம் ஒன்று சிறு கோளாற்றை உணர்ந்து, சில நொடிகள் தன்னை நிறுத்திச் சீரமைத்துக்கொண்டது. இஃது அன்றாடம் நிகழக்கூடியதே. ஆனால், அது மீண்டும் பணியைத் தொடங்கியதும் அண்டை இணைப்பகங்கள் ஒவ்வொன்றாக நின்று நின்று இயங்கத் தொடங்கின. ஒன்பது மணி நேரம், ஏறத்தாழப் பாதி அழைப்புகள் சென்று சேரவில்லை.

பொறியாளர்கள் முதலில் வழக்கமான சீரமைப்பு முறைகளைக் கையாண்டனர், பயனில்லை. கம்பி அறுபடவில்லை, கருவி பழுதாகவில்லை. நின்ற இணைப்பகம் சில நொடிகளில் தானே எழுந்துவிடுவதால், அதனை மட்டும் தனியே ஆராய்ந்தால் குறையேதும் புலப்படாது. எனவே, நோய் இணைப்பகங்களுக்கு உள்ளே இருக்கிறதா, அவற்றுக்கு இடையே ஓடும் செய்திகளில் இருக்கிறதா என்பதே முதன்மையான வினாவாயிற்று. இணைப்பகங்களிடையே செல்லும் செய்திகளின் சுமையைக் குறைத்தனர். அலை அடங்கியது. அந்த ஒரு செயலே மருந்தாகவும் சோதனையாகவும் அமைந்தது.

அடுத்த வினா, அண்மையில் எது மாறியது என்பது. 1989 டிசம்பர் நடுவில்தான் இணைப்பகங்கள் அனைத்திலும் புதிய மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது. அண்டை இணைப்பகம் மீண்டுவிட்ட செய்தியை விரைந்து பதிவு செய்வதற்காகத் திருத்தப்பட்ட கூறு அதில் இருந்தது. 'சி' மொழியில் எழுதப்பட்ட அந்நிரலில் 'பிரேக்' என்னும் கட்டளை ஒன்று இடம் தவறி அமைந்திருந்தது. முதற்செய்தியைப் பதிவு செய்து முடிப்பதற்குள், நொடியில் நூறில் ஒரு பங்கு இடைவெளியில் இரண்டாவது செய்தி வந்தால், நிரல் தேவையான வரிகளைத் தாண்டிச் சென்று தரவை அழித்துவிடும். தரவு சிதைந்ததை உணர்ந்த இணைப்பகம், தற்காப்பாகத் தன்னை நிறுத்திக்கொள்ளும்.

அழைப்புகள் மிகுந்த நேரத்தில் மட்டுமே இத்தகைய நெருக்கம் நேரும். அதனால்தான் வழு ஒரு மாதம் மறைந்திருந்தது. ஓர் இணைப்பகம் நின்றால் மற்றவை தாங்கும் என்பதே வலையமைப்பின் ஏற்பாடு. எல்லா இணைப்பகங்களிலும் ஒரே நிரல் இருந்ததால், எல்லாவற்றிலும் ஒரே வழுவும் இருந்தது. பழைய மென்பொருளை மீண்டும் நிறுவிய பின்னரே பொறியாளர்கள் அந்த வரியைத் திருத்தினர்.